கேள்வித்தாளில் வந்த உப்பளம்

சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வில், எங்கள் வீட்டில் எல்லோருக்கும் முதலில் புரிந்தது கால் மார்க் சமாச்சாரம்தான். சரியாக எழுதினால் ஒரு மார்க். எழுதாமல் விட்டால் ஒன்றும் இல்லை. தப்பாக எழுதினால் ஏற்கனவே வாங்கியதிலிருந்து கால் மார்க்கைக் கழித்துக்கொள்வார்கள். இதைச் சொன்னதும், சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா கையைத் தட்டிலேயே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"தப்பா எழுதினா கையில இருக்கிறதையும் புடுங்கிப்பானா?"

"ஆமாம்பா."

"அப்போ தெரியாதவன் எதுக்கு எழுதறான்? சும்மா இருக்க வேண்டியதுதானே?"

"தெரியும்னு நெனச்சிதான்பா எழுதுவாங்க."

"இன்னா பரீட்சையோ," என்றார் அம்மா. பள்ளிக்கூடத்தில் கேள்வி நம்பரை எழுதி வைத்தாலே பாவம் பார்த்து ஏதாவது போடுவார்களே என்பது அம்மாவின் கட்சி. பரீட்சை என்பது கொடுக்கிற இடம், பிடுங்குகிற இடம் இல்லை என்று அவர் அதுவரை நம்பிக்கொண்டிருந்தார்.

மரக்காணத்தில் உப்பளத்துக்குப் போகும் மண்பாதை தொடங்கும் இடத்தில் எங்கள் தெரு. அப்பாவிடம் குத்தகைக்கு எடுத்த சில பாத்திகள் உண்டு. அதில் வேலை இல்லாத நாட்களில் அவரும் அம்மாவும் மற்றவர்கள் அளத்தில் கூலிக்குப் போவார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் அதிகம். எதிர்த்துப் பேசாமல் எனக்கு ஒரு வாய் சோறு இறங்காது என்று அம்மா எல்லோரிடமும் சொல்வார். ஒரு முறை குத்தகையைப் புதுப்பிக்க அப்பாவுடன் ஒரு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். என் வயதைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும் ஒரு ஊழியர் முன்னால் அப்பா கைகட்டி நின்றார். அந்த ஆள் இத்தனைக்கும் அவரைத் திட்டக்கூட இல்லை, நிமிர்ந்தே பார்க்கவில்லை, அவ்வளவுதான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வக்கீலாக வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தது அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது.

பிளஸ் டூவில் இயற்பியல் என் காலை வாரிவிட்டது. நம் மாநிலத்து அரசு சட்டக் கல்லூரிகளில் பிளஸ் டூ மார்க்கை வைத்து இடம் கொடுக்கிறார்கள். அந்தப் பட்டியலில் என் பெயர் எங்கேயும் வரவில்லை. தனியார் கல்லூரிப் பக்கம் நாங்கள் தலைவைத்துப் படுக்க முடியாது. மிச்சம் இருந்த ஒரே வழி, நாடு முழுக்க ஒரே நாளில் நடக்கும் இந்த நுழைவுத் தேர்வு. அப்பா ஒரு வருஷம் கொடுத்தார். ஒரு வருஷம் வீட்டில் இருந்து படி, கிடைத்தால் வக்கீல், கிடைக்காவிட்டால் திண்டிவனத்தில் எந்தக் கல்லூரியில் எந்த கோர்ஸ் கிடைக்கிறதோ அதில் வாய் பேசாமல் சேர்ந்துவிட வேண்டும். நான் சரி என்றேன். வாய் பேசாமல் என்பதுதான் கஷ்டம் என்று நினைத்தேன்.

வாரக்கடைசியில் புதுச்சேரியில் கோச்சிங். காலையில் பஸ் ஏறினால் கடலை ஒட்டியே போய், பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் தாண்டி இறங்க வேண்டும். வகுப்பில் என்னைத் தவிர எல்லோரும் இங்கிலீஷில் கனவு காண்கிறவர்கள். பத்தாவது வரை தமிழில் படித்துவிட்டு வந்தவள் நான் ஒருத்திதான். ஒரு பெண்ணின் அப்பா வக்கீல், இன்னொருத்தியின் தாத்தா நீதிபதியாம். அவர்கள் என்னிடம் நன்றாகத்தான் பழகினார்கள். டிபன் பாக்ஸைத் திறந்தால் என் மீன் குழம்புக்குச் சண்டை போடுவார்கள். ஆனால் அவர்கள் ஒரு பக்கத்தைப் படித்து முடித்துப் புரட்டும் சத்தம் கேட்கும்போது நான் இன்னும் இரண்டாவது பத்தியில் இருப்பேன். அந்தச் சத்தம் எனக்கு இன்றைக்கும் பிடிக்காது.

இந்தத் தேர்வு எழுதாதவர்களுக்கு அதன் கஷ்டம் எங்கே இருக்கிறது என்று சொல்லிப் புரியவைப்பது சுலபமில்லை. சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கேள்விகளில் ஒவ்வொன்றாகப் பார்த்தால் பெரிய கஷ்டம் எதுவும் கிடையாது. நூற்றி இருபது கேள்வி, இரண்டு மணி நேரம். ஆனால் கேள்வி மொட்டையாக வராது. ஒரு பக்க நீளத்துக்கு ஒரு பேசேஜ் வரும், அதன் அடியில் ஐந்தாறு கேள்விகள் தொங்கும். இப்படி பேசேஜுக்கு மேல் பேசேஜ். படித்துக்கொண்டே இருக்க வேண்டும். அறிவைச் சோதிக்கிறார்களா, கண்ணைச் சோதிக்கிறார்களா என்று எனக்கு நெடுநாள் சந்தேகம் இருந்தது.

ஐந்து பகுதிகள். இங்கிலீஷ் பகுதியில் யாரோ ஒருவர் பனி விழும் ஊரைப் பற்றி எழுதியிருப்பார். அவர் எழுதும்போது வருத்தமாக இருந்தாரா, எரிச்சலாக இருந்தாரா, இல்லை வருத்தமும் எரிச்சலும் கலந்து இருந்தாரா என்று கேட்பார்கள். அவரையே கேட்டால்கூட முழித்திருப்பார். நடப்பு நிகழ்வுகள் பகுதிக்கு, உலகத்தில் எந்த நாட்டுத் தலைவர் எந்த நாட்டுக்குப் போய்க் கைகுலுக்கினார் என்பதெல்லாம் தெரிய வேண்டும். பஸ்ஸில் செய்தித்தாளைப் படித்துப் படித்து எனக்கு வாந்தி வந்ததுதான் மிச்சம். தர்க்கப் பகுதி எனக்குப் பிடித்தது. ஒரு வாதத்தைக் கொடுத்து இதை எது பலவீனமாக்கும் என்று கேட்பார்கள். அம்மாவிடம் தினமும் செய்துவந்த வேலைதான் அது. கணக்குப் பகுதி சின்னது, பத்தாம் வகுப்புக் கணக்குதான், ஆனால் அதையும் ஒரு கட்டம் போட்ட அட்டவணைக்குள் ஒளித்து வைத்திருப்பார்கள். அட்டவணையைப் பார்த்தாலே எனக்குக் கை வியர்க்கும். அதனால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன்.

மிச்சம் ஒரு பகுதி, சட்ட அறிவு. அதற்குத்தான் நான் பிறந்ததே என்று நினைத்துக்கொண்டு போனேன். அங்கேதான் முதல் வகுப்பிலேயே மாட்டிக்கொண்டேன். பேசேஜில் ஒரு விதியைக் கொடுப்பார்கள், அடியில் ஒரு சம்பவத்தைக் கொடுப்பார்கள், விதியைச் சம்பவத்தில் பொருத்தி விடை சொல்ல வேண்டும். கோச்சிங் சார் பலகையில் எழுதிய விதி இது: கடைக்குள் காலெடுத்து வைக்கிற எவரும் வாடிக்கையாளர். சம்பவம்: ஒருவன் மழைக்குக் கடைக்குள் ஒதுங்குகிறான். அவன் வாடிக்கையாளரா?

"இல்லை சார்," என்றேன். "மழைக்கு ஒதுங்கினவன் எப்படி சார் கஸ்டமர் ஆவான்?"

"விதி என்ன சொல்லுது?"

"காலெடுத்து வெச்சா கஸ்டமர்னு."

"வெச்சானா இல்லையா?"

"வெச்சான். ஆனா ஒரு டீகூட குடிக்கலையே சார்."

வகுப்பு சிரித்தது. சாரும் சிரித்தார். நல்ல மனிதர், கோபமே வராது. "இங்க பாரும்மா. உனக்கு வெளியில என்ன தெரியும்ன்றதை செருப்போட சேர்த்து வாசல்ல விட்டுட்டு வந்துடு. பேசேஜ்ல இல்லாதது உலகத்துலயே இல்ல. உனக்கு மூளை இருக்குது, ஆனா ரொம்ப நியாயம் பேசறே. நியாயம் பேசறவங்களுக்கு இதுல மார்க் போவும்," என்றார்.

அதைப் பழகிக்கொள்ள எனக்கு மாதங்கள் ஆயின. கோடையில் அப்பாவும் அம்மாவும் அளத்தில் வெந்துகொண்டிருந்தபோது நான் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, நியாயம் பேசாமல் இருக்கப் பழகினேன். கிணற்றில் விழுந்தவனைக் காப்பாற்ற அடுத்தவர் கயிற்றை எடுத்தவன், விதிப்படி திருடன் என்றால் திருடன் என்று குறித்தேன். மாதிரித் தேர்வுகளில் மார்க் ஏறியது. மழைக்காலம் தொடங்கும்போது, இப்படியே எழுதினால் சீட்டு வந்துவிடும் என்று சார் சொன்னார். அதை அப்பாவிடம் சொன்ன அன்று சாயங்காலத்துக்குள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பஸ் கண்டக்டர் என்னைப் பார்த்து, "வாங்க வக்கீலம்மா, டிக்கெட் எடுங்க," என்றார்.

டிசம்பர் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தேர்வு. புதுச்சேரியில் ஒரு பெரிய பள்ளிக்கூடம். வெளியில் வரிசையாகக் கார்கள். அப்பா என்னோடு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் எனக்கு ஒரு தண்ணீர் பாட்டில். கேட்டுக்கு வெளியே ஒரு வேப்பமர நிழலைப் பிடித்து, "பதட்டப்படாம எழுது பாப்பா, தெரியலைன்னா வுட்டுடு," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

உள்ளே எல்லாம் திட்டப்படி நடந்தது. நடப்பு நிகழ்வுகளை முதலில் முடித்தேன். இங்கிலீஷை முடித்தேன். சட்டப் பகுதிக்கு வந்தேன். முதல் பேசேஜ் ஒப்பந்தம் பற்றியது, அதையும் முடித்தேன். பக்கத்தைப் புரட்டினேன்.

பேசேஜின் விதி இதுதான். ஒருவன் தன் நிலத்தில் தேக்கி வைத்த ஒன்று, அங்கிருந்து வெளியேறி அடுத்தவன் நிலத்தில் கேடு செய்தால், அவன் எவ்வளவு கவனமாக இருந்திருந்தாலும் பொறுப்பு அவன்தான். அடுத்தவனிடம் முன்கூட்டியே சம்மதம் கேட்டு வாங்கியிருந்தால் மட்டும் அவன் மேல் பொறுப்பு இல்லை. இது ஒன்றும் புதிதில்லை, கோச்சிங்கில் பலமுறை பார்த்ததுதான். அடியில் இருந்த சம்பவத்தைப் படித்தேன். ஏ என்பவரும் பி என்பவரும் பக்கத்துப் பக்கத்து நிலத்தில் உப்பு விளைவிக்கிறவர்கள். ஏயின் நிலம் மேட்டில், பியின் நிலம் பள்ளத்தில். பெருமழையில் தன் உப்புக் குவியலைக் காப்பாற்ற ஏ வரப்பை வெட்டிவிடுகிறார். தண்ணீர் பியின் நிலத்துக்குள் போய் அவருடைய உப்பைக் கரைத்துவிடுகிறது. ஏ பொறுப்பா?

எனக்கு அந்த நிமிஷம் வந்த சந்தோஷத்தை இப்போது எழுதும்போதுகூடச் சிரிப்பு வருகிறது. நாடு முழுக்க எத்தனையோ பேர் அந்த நேரத்தில் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். அதில் எத்தனை பேர் உப்பளத்தைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்? எனக்காகவே போட்ட கேள்வி என்று நினைத்தேன். பனி விழும் ஊரிலிருந்து ஒருவழியாக என் ஊருக்கு வந்துவிட்டார்களே என்று இருந்தது.

ஏ யார், பி யார் என்று எனக்குத் தெரியும். பி என் அப்பா. ஏ எங்களுக்கு மேல் பாத்திக்காரர். அவரை நான் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். சொந்தம் எதுவும் இல்லை, அவர்கள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்கள், நாங்கள் கோயிலுக்கு. அப்பாவுக்கு அவர் அண்ணன் முறை, அவ்வளவுதான். எங்கள் அளத்தில் பெருமழை வந்தால் மேல் பாத்திக்காரர் வரப்பை வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டாவிட்டால் தண்ணீர் ஏறி, மேட்டில் குவித்திருக்கும் உப்பெல்லாம் கரைந்து போகும். வெட்டிய தண்ணீர் கீழ்ப் பாத்தி வழியாகத்தான் கழுவெளி ஏரியில் போய் விழும். அதற்கு வேறு பாதை கிடையாது. அது தெரிந்துதான் கீழ்ப் பாத்திக்காரர் தன் குவியலை ஒதுக்குப்புறமாக உயர்த்தி வைத்துக்கொள்வார். அப்படியும் கொஞ்சம் கரையும். வெட்டலாமா என்று யாரும் கேட்பதில்லை, ஏன் வெட்டினாய் என்றும் கேட்பதில்லை. மழைக்காலம் முடிந்ததும் மேல் பாத்திக்காரர் குடும்பத்தோடு வந்து முதலில் கீழ்ப் பாத்தியின் வரப்பைக் கட்டி, பாத்தித் தரையை மிதித்து இறுக்கிக் கொடுப்பார். அதன் பிறகுதான் தன் பாத்தியில் கால் வைப்பார். கீழ்ப் பாத்தியை எடுக்கும்போதே இதற்கெல்லாம் சம்மதித்துத்தான் எடுக்கிறோம்.

விடைகளில் இரண்டாவது இப்படி இருந்தது: பியும் அதே தொழில் செய்பவர் என்பதால் அவருடைய சம்மதம் இருந்ததாகவே கொள்ள வேண்டும், ஆகவே ஏ பொறுப்பல்ல. மூன்றாவது: பியிடம் ஏ முன்கூட்டியே கேட்கவில்லை, ஆகவே ஏ பொறுப்பு.

விடைத்தாளில் இரண்டாவது வட்டத்தைக் கறுப்பாக்கினேன். கை ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. வாசலில் விட்டுவிட்டு வரச் சொன்ன செருப்பைக் காலிலேயே மாட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

அடுத்த கேள்விகள் அதே சம்பவத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டன. பி அன்று ஊரில் இல்லை என்றால்? ஏ பிறகு வந்து வரப்பைக் கட்டிக் கொடுத்தால்? ஒவ்வொன்றையும் அனுபவித்துப் படித்தேன். எங்கள் ஊரில் நடந்ததை நினைத்துப் பார்த்தேன், ஒவ்வொரு விடையையும் அதோடு ஒத்துப்பார்த்தேன், பெரியப்பாவுக்காக வாதாடினேன். நிமிர்ந்து பார்த்தபோது சுவர்க் கடிகாரம் என்னை விட்டுவிட்டு எங்கேயோ போயிருந்தது. தர்க்கப் பகுதியை ஓட்டமாக ஓடினேன். கணக்குப் பகுதியைத் திறந்தபோது மேற்பார்வையாளர் தாளை வாங்க முதல் வரிசைக்கு வந்துவிட்டார். அட்டவணையைப் பார்க்காமலேயே மனம் போனபடி சில வட்டங்களைக் கறுப்பாக்கினேன். தெரியலைன்னா விட்டுவிடு என்று அப்பா சொல்லியிருந்தார். விட மனசு வரவில்லை.

வெளியே வந்ததும், "அப்பா, நம்ம அளம் வந்திச்சிப்பா கேள்வியில!" என்றுதான் கத்தினேன்.

"நம்ம அளமா?"

நடந்துகொண்டே சொன்னேன். மேல் பாத்தி, கீழ்ப் பாத்தி, வரப்பு வெட்டுவது எல்லாம். அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். "இதுகூடவா கேக்கறாங்க, பரவாயில்லையே," என்றார். நான் என்ன எழுதினேன் என்று கேட்டார், சொன்னேன். "கரெக்ட்டு," என்றார். கணக்கில் கொஞ்சம் விட்டுவிட்டேன், அதைச் சட்டத்தில் தூக்கிவிடுவேன் என்றேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் எனக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்தார். ஊரில் இறங்கியதும் நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போய், "உன்னை வெச்சிதாண்ணா கேள்வியே," என்று சொல்லிவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

அடுத்த நாள் விடைக்குறிப்பு வந்தது. அந்தப் பேசேஜில் நான் எழுதியது எல்லாமே தப்பு. விதியில் கேட்டு வாங்கிய சம்மதம் என்றுதானே இருக்கிறது என்று, போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்த அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது. மாதிரித் தேர்வில் வந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சரியாகக் குறித்திருப்பேன். அதுதான் தாங்க முடியவில்லை. கிணற்றில் விழுந்தவனைக் காப்பாற்ற வந்தவனைத் திருடன் என்று எழுதத் தெரிந்த எனக்கு, பெரியப்பாவைக் குற்றவாளி என்று எழுதத் தெரியவில்லை. தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன்.

சாயங்காலம் பெரியப்பாவே வந்தார். அவர் வீட்டில் கட்டிய கிறிஸ்துமஸ் ஸ்டார் எங்கள் வாசல்வரை வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தது. அப்பா விஷயத்தைச் சொன்னார்.

"பாப்பா எழுதினதுதானே சரி?" என்றார் பெரியப்பா.

"நானும் அதான்ணா சொல்றேன்."

"அப்போ யார்கிட்டயாவது போய் சொல்லலாம்ல?"

விடைக்குறிப்பு தப்பு என்று நினைப்பவர்கள் ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கம்ப்யூட்டரில் எழுதி அனுப்புவது, பேசேஜிலிருந்தே காரணம் காட்ட வேண்டும், எனக்குக் காட்ட எந்தக் காரணமும் இல்லை என்று சொன்னதெல்லாம் அவர்கள் காதில் ஏறவில்லை. மறுநாள் காலையில் நான் எழுந்தபோது, இரண்டு பேரும் வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில் வாசலில் நின்றார்கள். சாட்சி சொல்லக் கிளம்பிவிட்டார்கள். யாரிடம் போய் என்று கேட்டேன். உங்க சார்கிட்ட மொதல்ல போவோம், அவரு வழி சொல்லுவாரு என்றார் அப்பா. என் வாய் அன்றைக்கு எங்கே போனதோ, அவர்கள் பின்னாலேயே பஸ் ஏறினேன்.

கோச்சிங் சென்டரில் சார் எங்களை உட்கார வைத்தார். பெரியப்பா உட்காரவில்லை.

"சார், நான்தான் சார் அந்த மேல் பாத்தி. தோ இவருதான் கீழ்ப் பாத்தி."

சார் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

"பாப்பா எழுதினது சரிதான் சார்," என்றார் அப்பா. "பாதிக்கப்பட்டவன் நானே சொல்றேன். எங்க வந்து வேணும்னாலும் சொல்றோம்."

"ஐயா, நீங்க சொல்றதுதான் உண்மை. ஆனா அது பேசேஜ்ல இல்லைங்க."

"இவரு கேஸே போடலையே சார்," என்றார் பெரியப்பா. "எனக்குத் தெரிஞ்சி எங்க ஊர்ல யாருமே போட்டதில்ல. யாரு போட்டாங்க?"

"யாரும் போடலைங்க. கேள்விக்காக எழுதறதுதான்."

"நடக்காத சண்டைக்கு தீர்ப்பு மட்டும் இருக்குதா?"

சார் சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பெரிய மனிதர்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்களே என்று, விதியை நிதானமாகத் தமிழில் விளக்கிச் சொன்னார். அப்பா கேட்கவில்லை, சுவரில் ஒட்டியிருந்த பாஸான பிள்ளைகளின் போட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா கேட்டார். குனிந்து, காதைக் கொடுத்துக் கேட்டார்.

"அப்போ, வெட்டறதுக்கு முன்ன ஒரு வார்த்தை கேட்டிருந்தா எம்மேல தப்பு இல்ல?"

"இல்லைங்க."

"கேக்காம வெட்டினா தப்பு?"

"இந்த விதிப்படி ஆமாங்க."

"சரிங்க சார்," என்றார் பெரியப்பா.

திரும்பி ஊருக்குப் பஸ் ஏறினோம். பொம்மையார்பாளையம் தாண்டியதும் பெரியப்பா, "இத்தினி வருஷமா தப்பு பண்ணிட்டு இருந்திருக்கேனா தம்பி?" என்றார்.

"போண்ணா. அது பரீட்சைண்ணா," என்றார் அப்பா.

பட்டியல் வந்தது. எனக்கு சீட்டு இல்லை. கடைசியாக உள்ளே போனவரின் மார்க்குக்கும் என் மார்க்குக்கும் நடுவில் அந்த ஒரு பேசேஜ்தான் இருந்தது. கணக்குப் பகுதியில் கண்டபடி கறுப்பாக்கியதும் சேர்ந்துகொண்டது. இன்னொரு வருஷம் எழுதுகிறேன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்பா சரி என்றிருப்பார், அதனால்தான் கேட்கவில்லை. ஜூனில் திண்டிவனத்தில் பி.காம் சேர்ந்தேன், வாய் பேசாமல். பஸ் கண்டக்டர் ஒரு நாள் வக்கீலம்மா என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட்டை மட்டும் கிழித்துக் கொடுத்தார்.

அந்த வருஷம் நவம்பரில் புயல் கரையைக் கடந்தது. முந்தின நாளிலிருந்தே கரண்ட் இல்லை, போனில் டவர் இல்லை. காற்றில் கூரை பறந்துவிட்டது என்று பிரம்மதேசத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போன அப்பா, சாலையில் தண்ணீர் ஏறியதால் திரும்பி வர முடியாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார். விடிந்து கொஞ்ச நேரம் இருக்கும். யாரோ கதவைத் தட்டினார்கள். அம்மா திறந்தார். பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். தலையிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த மழையில் மண்பாதை முழுக்க ஓடி வந்திருக்கிறார், மூச்சு வாங்கியது.

"தம்பி இருக்கானாமா?"

"அவரு பிரம்மதேசத்துல மாட்டிக்கினாரு மாமா. இன்னா ஆச்சு?"

"தண்ணி ஏறிடிச்சி. வரப்பை வெட்டணும். அதான், ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. "இன்னாத்த கேக்கணும்?" என்றார். பிறகு, "ஐயோ மாமா, இதைக் கேக்கவா இவ்ளோ தூரம் வந்தீங்க? போய் வெட்டுங்க மாமா!" என்று கத்தினார்.

பெரியப்பா அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் எதையாவது சொல்ல வேண்டும் என்று அவர் காத்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது.

"வெட்டுங்க பெரியப்பா," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னேன்.

அவர் திரும்பி ஓடினார். அப்பாவின் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நானும் அம்மாவும் பின்னாலேயே ஓடினோம். சேற்றில் கால் புதைந்து புதைந்து, எவ்வளவு ஓடியும் பாதை முடியவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அளம் எது, கழுவெளி எது என்றே தெரியவில்லை. வரப்பு தானாகவே ஓரிடத்தில் உடைந்து தண்ணீர் எங்கள் பாத்திக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. பெரியப்பாவின் குவியல் இருந்த மேட்டின் மேல் தார்ப்பாய் மட்டும் தட்டையாகப் படுத்துக் கிடந்தது. அவர்கள் குடும்பம் கோடை முழுக்க வாரிய உப்பு, அடியில் கரைந்து போயிருந்தது. நல்ல விலை வரட்டும் என்று விற்காமல் வைத்திருந்தார்.

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நான் பெரியப்பா பக்கத்தில் போய் நின்றேன். 

அவரே என் பக்கம் திரும்பினார். எனக்காகச் சிரிக்கப் பார்த்தார்.

"இந்த தடவ கேட்டுட்டேன் இல்ல பாப்பா? உன் பரீட்சைப்படி எம்மேல தப்பு இல்லல்ல?"

"இல்ல பெரியப்பா. உங்க மேல தப்பே இல்ல," என்றேன். அந்தக் கேள்விக்குச் சரியான விடை சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆகியிருந்தது.